மைலேஜும் வேண்டும், ஓட்டுகிற சுகமும் வேண்டும்: சின்ன கார் கேள்வி பதில்

வேலைக்குப் போக 62 கிலோமீட்டர், திரும்பி வர 62. பதினெட்டு வருஷமாக இதுதான் என் ஓட்டம். இதுவரை நான்கு சின்ன கார்கள். முதல் இரண்டை அவசரப்பட்டு வாங்கினேன். மூன்றாவதை நிறைய யோசித்து, அப்படியும் தப்பாக வாங்கினேன். அந்தப் பாடத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். விலை, தள்ளுபடியெல்லாம் இடத்துக்கு இடம் மாறும், அதில் நான் தலையிடுவதில்லை. மற்றதைக் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, தினமும் 120 கி.மீ. ஓட்டுகிறேன். மைலேஜ் கொடுக்கிற வண்டி என்று போனால் ஓட்டும்போதே தூக்கம் வருகிறது. ஓட்ட ஜோராக இருக்கிற வண்டி பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கிறது. இரண்டும் ஒரே வண்டியில் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும் தம்பி. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், எடை. லேசான வண்டியைக் கிளப்ப பெட்ரோல் குறைவாகப் போதும். அதே லேசான வண்டிதான் வளைவில் சொன்னபடி திரும்பும், பிரேக்கில் கால் வைத்ததும் அடங்கும்.

1956-ல் சூயஸ் நெருக்கடி வந்து பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் போட்டார்கள். அந்தத் தட்டுப்பாட்டில் உருவானதுதான் 1959-ல் வந்த மினி. நீளம் மூன்று மீட்டர் சொச்சம், எடை 600 கிலோ பக்கம். உள்ளே ஆட்களுக்கு இடம் விட வேண்டும் என்பதற்காக அலெக் இசிகோனிஸ் இன்ஜினைக் குறுக்குவாட்டில் வைத்தார். இன்றைக்கு அநேகமாக எல்லாச் சின்ன கார்களும் அப்படித்தான் இருக்கின்றன. பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் பிறந்த அந்த வண்டி, கூப்பர் எஸ் என்ற வேக வடிவத்தில் 1964, 1965, 1967 என்று மூன்று முறை மான்டி கார்லோ ராலியில் ஜெயித்தது.

அதனால் விவரத்தாளைக் கையில் எடுத்தால் குதிரைத்திறனுக்கு முன்னால் கர்ப் வெயிட்டை, அதாவது ஆள் ஏறாத வண்டியின் எடையைத் தேடுங்கள். ஒரே இன்ஜின் உள்ள இரண்டு வண்டிகளில் ஒன்று 150 கிலோ கூடுதல் என்றால், தினமும் இரண்டு பெரிய ஆட்களைச் சும்மா ஏற்றிக்கொண்டு போகிறீர்கள் என்று அர்த்தம். 1,000 கிலோவை ஒட்டி இருந்தால் நல்லது. 1,200-ஐத் தாண்டினால் சின்ன கார் என்று பெயர்தான் மிச்சம்.

கேள்வி: எனக்கு 18 கொடுக்கிற வண்டி பிடித்திருக்கிறது. வீட்டில் 24 கொடுக்கிறதை வாங்கச் சொல்கிறார்கள். லிட்டருக்கு 6 கி.மீ. பெரிய வித்தியாசம் இல்லையா?

பதில்: கிலோமீட்டர் கணக்கை விடுங்கள், லிட்டரில் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு 30,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 கொடுக்கிற வண்டிக்கு 2,500 லிட்டர் வேண்டும். 18 கொடுக்கிறதுக்கு 1,667. அதாவது 833 லிட்டர் மிச்சம். 18-லிருந்து 24-க்குப் போனால்? 1,250 லிட்டர், மிச்சம் 417 தான். 24-லிருந்து 30-க்குப் போனால் 250. ஒவ்வொரு முறையும் அதே 6 கிலோமீட்டர்தான் கூடுகிறது, ஆனால் மிச்சம் தேய்ந்துகொண்டே வருகிறது.

உங்கள் விஷயத்தில் வருஷத்துக்கு 417 லிட்டர். 250 நாள் ஓடினால், நாளைக்கு ஒன்றேமுக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தினமும் இரண்டு மூன்று மணி நேரம் பிடித்த வண்டியில் உட்கார அவ்வளவு கொடுக்கலாமா என்பதை நீங்களும் வீட்டுக்காரர்களும் பேசி முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால் 18-ஐ எடுப்பேன். 12 கொடுக்கிற வண்டியை எவ்வளவு பிடித்திருந்தாலும் எடுக்க மாட்டேன்.

கேள்வி: கம்பெனி சொல்கிற மைலேஜ் நிஜத்தில் வருமா சார்?

பதில்: சோதனைக்கூடத்தில் வரும். ஐரோப்பாவில் 2017 வரை இருந்த பழைய சோதனையின் சராசரி வேகம் 34 கி.மீ. கூட இல்லை. அதற்குப் பதிலாக வந்த டபிள்யூஎல்டிபி-யில் 46 சொச்சம், உச்ச வேகம் 131. முன்னைக்கு இது பரவாயில்லை. ஆனால் உங்கள் சாலையும் உங்கள் காலும் அந்தக் கூடத்தில் இல்லையே. மூன்று முறை ஃபுல் டேங்க் போட்டு, ஃபுல் டேங்கிலிருந்து ஃபுல் டேங்க் வரை கணக்குப் போட்டால் வருவதுதான் உங்கள் மைலேஜ். டேஷ்போர்டில் காட்டுகிற எண் பெரும்பாலும் கொஞ்சம் பெருமையடிக்கும்.

கேள்வி: ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போவா, டர்போ இல்லாத ஒன்றரை லிட்டரா?

பதில்: நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓவர்டேக் செய்கிறவர் என்றால் டர்போ. 1,800, 2,000 ஆர்பிஎம்மிலேயே, அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு அத்தனை சுற்று சுற்றும்போதே, முழு இழுவையும் வந்துவிடும். லாரியைத் தாண்ட கியரைக் குறைக்காமலே காலை அழுத்தலாம். ஆனால் அந்தச் சுகத்துக்குக் கால் பழகிவிடும், அங்கேதான் சிக்கல். டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளும்போது அதற்கு ஈடாகப் பெட்ரோலும் போகும். மெதுவாக ஓட்டினால் சின்ன இன்ஜின் மைலேஜ் கிடைக்கும், விரட்டினால் பெரிய இன்ஜின் செலவு வைக்கும். டர்போ இல்லாத இன்ஜின் கால் எப்படி இருந்தாலும் இவ்வளவு தூரம் ஏறி இறங்காது. மேலே 4,000, 5,000 வரை முறுக்கி ஓட்டுவதில் தனி ருசி இருக்கிறது என்பார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

மூன்று சிலிண்டரில் இன்னொன்றையும் பாருங்கள். வண்டி ஐடிலில், அதாவது இன்ஜின் ஓடியபடி சும்மா, நிற்கும்போது உள்ளே இருக்கிற கண்ணாடியில் பின்னால் நிற்கிற வண்டியின் உருவம் நடுங்குகிறதா? நடுங்கினால், சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: ஐந்து கியரா ஆறு கியரா? பெரிய வித்தியாசம் இருக்கா?

பதில்: கியர் எண்ணிக்கையை விட, டாப் கியரில் 100 போகும்போது ஆர்பிஎம் முள் எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம். 2,200, 2,500 என்றால் நிம்மதி. 3,000-ஐத் தாண்டினால் காது வலிக்கும், மைலேஜும் போகும்.

என் இரண்டாவது வண்டி ஊருக்குள் ஒரு குட்டிப் பிசாசு. சந்தில் வளைத்து வளைத்து ஓட்டினால் மனசு லேசாகிவிடும். நெடுஞ்சாலையில் 100 தொட்டால் முள் 3,300. ரேடியோவில் செய்தி கேட்க சத்தத்தைக் கூட்டி வைப்பேன். வீட்டு வாசலில் வந்து நிறுத்தியதும் அதே செய்தி தெருவுக்கே கேட்கும். கை தன்னால் கியர் குமிழைத் தடவி இல்லாத ஆறாவது கியரைத் தேடும். நாலு வருஷம் தேடினேன்.

கேள்வி: முழங்கால் வலி இருக்கிறது. வழியில் பாதி தூரம் நெரிசல். ஆனாலும் மேனுவலை விட மனசில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, முழங்கால் பக்கம்தான் நான். ஆட்டோமேட்டிக் எடுங்கள், ஆனால் எந்த ஆட்டோமேட்டிக் என்று பாருங்கள். ஏஎம்டி என்பது மேனுவல் பெட்டிதான்; கிளட்சை ஒரு மோட்டார் மிதிக்கிறது. மைலேஜ் குறையாது, ஆனால் கியர் மாறும்போது தலை ஒரு முறை முன்னால் ஆடும். மாறப்போகிற சமயத்தில் காலைச் சற்றே தளர்த்தினால் அந்த ஆட்டம் பாதியாகும். சிவிடி என்பது படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடுவது, நெரிசலில் வெண்ணெய் மாதிரி. அழுத்தி ஓட்டினால் மட்டும் இன்ஜின் ஒரே சுருதியில் கத்தும், வண்டி நிதானமாகப் பின்னால் வரும். இரண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்கிற டூயல் கிளட்ச் ஓட்டத்தில் அருமை. ஆனால் எண்ணெயில் முங்காத உலர் கிளட்ச் வகை என்றால் ஊர்ந்து ஊர்ந்து போகிற நெரிசல் அதைச் சூடேற்றிவிடும். கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியே இழுவையைக் கடத்துகிற டார்க் கன்வர்ட்டர் ஆர்ப்பாட்டம் இல்லாதது. உங்கள் வழிக்கு நல்ல சிவிடி, இல்லையென்றால் டார்க் கன்வர்ட்டர்.

கேள்வி: ஹைபிரிட் வாங்கினால் ஓட்ட ரசம் இருக்குமா?

பதில்: பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் இருப்பதுதான் ஹைபிரிட். நெரிசல்தான் அதன் வீடு. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியை பேட்டரியில் சேர்த்து, அடுத்த முறை கிளம்பும்போது கொடுக்கும். ஒரே வேகத்தில் 100-ல் போகிற சாலையில் சேர்க்க ஒன்றும் இல்லை, அதனால் அங்கே அதன் ஆதாயம் சுருங்கும். உங்கள் வழியில் எது அதிகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரசம் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், ஹோண்டா அதற்கும் முயன்று பார்த்தது. 1999-ன் முதல் இன்சைட் அலுமினிய உடம்பு, இரண்டே சீட், 840 கிலோ பக்கம், மேனுவல் கியர். 2010-ல் சிஆர்-இசட், ஆறு கியர் மேனுவலோடு. இரண்டுமே பெரிதாக விற்கவில்லை. எனக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு.

கேள்வி: நேரே மின்சாரக் காருக்கே போய்விடலாமா? தினமும் 130 கி.மீ.

பதில்: ராத்திரி வண்டி நிற்கிற இடத்தில் சார்ஜ் போட முடியுமா? முடியும் என்றால் உங்களுக்கு ஏற்ற ஓட்டம்தான். சின்ன மின்சாரக் கார் 100 கி.மீ.க்குச் சுமார் 16 யூனிட் எடுக்கும். உங்களுக்கு நாளைக்கு 21 யூனிட். 7 கிலோவாட் சார்ஜரில் மூன்று மணி நேர வேலை. முடியாது என்றால், தினமும் சார்ஜரைத் தேடி அலைகிற வாழ்க்கை வேண்டாம்.

கால் வைத்த மாத்திரத்தில் கிளம்புகிற இழுவை, பெட்ரோல் வண்டிக்காரர்களுக்குப் பொறாமை வரவைக்கும். குறை என்னவென்றால் பேட்டரியின் கனம். பிஎம்டபிள்யூ ஐ3-யில் அந்தக் கனத்தை ஈடுகட்ட கார்பன் ஃபைபரில் உடம்பு கட்டினார்கள். முன் டயர் வெறும் 155 மில்லிமீட்டர் அகலம், ஆனால் 19 அங்குலச் சக்கரம். பார்க்க சைக்கிள் சக்கரம் போல இருக்கும். பின்சக்கரம் தள்ளுகிற அந்த வண்டியை ஒரு முறை ஓட்டியிருக்கிறேன், இறங்க மனசு வரவில்லை. இன்னொன்று: வேகமும் குளிரும் ரேஞ்சை, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை, தின்னும். 130 ஓட 200-க்குக் குறையாமல் நிஜ ரேஞ்ச் இருக்க வேண்டும்.

கேள்வி: டாப் மாடலில் 17 அங்குல அலாய் வருகிறது. அழகாக இருக்கே?

பதில்: நிற்கும்போது அழகு. அகல டயர் என்றால் உருளத் தடை அதிகம், இரைச்சல் அதிகம், குழி ஒவ்வொன்றும் இடுப்பில் தெரியும். நீண்ட ஓட்டத்துக்கு 15 போதும்.

கேள்வி: இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார்களே?

பதில்: கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இப்போதைய இன்ஜினில் கியரில் வைத்தபடி காலை எடுத்தால், ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே வரும் வரை பெட்ரோலே போகாது. நியூட்ரல் போட்டால் ஐடிலுக்கு வேண்டியதைக் குடித்துக்கொண்டிருக்கும். இன்ஜின் பிரேக்கும் கிடைக்காது. போடாதீர்கள்.

கேள்வி: 120-ல் போகிறதை 100 ஆக்கினால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

பதில்: காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 100-ஐ விட 120-ல் அது 44 சதவீதம் அதிகம். நெடுஞ்சாலையில் உங்கள் பெட்ரோலில் பெரும்பங்கு காற்றைத் தள்ளத்தான் போகிறது. 50 கி.மீ. தூரத்துக்கு 120-ல் 25 நிமிஷம், 100-ல் 30. ஐந்து நிமிஷம் முன்னால் கிளம்புங்கள்.

கேள்வி: டெஸ்ட் டிரைவில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: ஷோரூமைச் சுற்றி பத்து நிமிஷம் ஓட்டினால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். மூன்றாவது வண்டியை நான் அப்படித்தான் எடுத்தேன். எடை, இன்ஜின், கியர், ஆர்பிஎம் எல்லாம் எழுதி வைத்து, கோடு போட்டுத் தேர்ந்தெடுத்தது. இரண்டாவது வாரமே வலது இடுப்பில் ஒரு குடைச்சல். டாக்டரிடம் போய், தலையணை மாற்றி, நடைப்பயிற்சி செய்து ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு நாள் சும்மா நிறுத்தி வைத்திருந்த வண்டியில் உட்கார்ந்து குனிந்து பார்த்தேன். பெடல்கள் ஸ்டியரிங்குக்கு நேராக இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தன. உடம்பு ஒரு திசையில், கால் ஒரு திசையில். தினமும் அந்த முறுக்கோடு இரண்டரை மணி நேரம். எந்த விவரத்தாளிலும் அதற்கு ஒரு வரி கிடையாது.

அதனால் நீங்கள் வேலைக்குப் போகிற அதே நேரத்தில், முடிந்தால் அதே வழியில், முக்கால் மணி நேரம் ஓட்டக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தாவது ஓட்டிவிடுங்கள். பின்பாக்கெட் பர்ஸை எடுத்து வைத்துவிட்டு உட்காருங்கள். தொடையின் முக்கால்வாசியை சீட் தாங்குகிறதா? ஸ்டியரிங் மேலே கீழே மட்டும் நகர்கிறதா, முன்னும் பின்னும் நகர்கிறதா? கிளட்ச் மிதிக்காதபோது இடது காலை வைக்க இடம் இருக்கிறதா? சொரசொரப்பான சாலையில் கூடவே வருகிறவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா? இருட்டியபிறகு ஒரு சுற்று போய் ஹெட்லைட்டைப் பாருங்கள். குளிர்காலத்தில் ஒரு வேளை ஓட்டம் இருட்டில்தான்.

கேள்வி: டீசல் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

பதில்: நீண்ட ஓட்டம் டீசலுக்குப் பொருந்தும், டிபிஎஃப் என்கிற புகைக்கரி வடிகட்டி சூடாகித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலைதான் வசதி. ஆனால் கனமான இன்ஜினால் வண்டியின் மூக்கு கனக்கும், வளைவில் அது தெரியும்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு லட்சம் ஓடிய வண்டி வாங்கலாமா?

பதில்: ஐந்து வருஷத்தில் நெடுஞ்சாலையில் ஓடிய ஒரு லட்சம், ஊருக்குள் நின்று நின்று ஓடிய ஐம்பதாயிரத்தை விட நல்லது. நெடுஞ்சாலை வண்டியின் பம்பரிலும் பானெட் முனையிலும் கல் பட்ட புள்ளிகள் நிறைய இருக்கும், கிளட்ச் பெடல் ரப்பர் மட்டும் அவ்வளவாகத் தேய்ந்திருக்காது. இது தலைகீழாக இருந்தால் கதை வேறு. இன்ஜினில் வால்வுகளை இயக்குவது டைமிங் பெல்ட்டா செயினா என்று கேளுங்கள். பெல்ட் என்றால் மாற்றிய ரசீது வேண்டும். நீங்களும் வருஷத்துக்கு 30,000 ஓட்டுவீர்கள், 10,000-க்கு ஒரு முறை ஆயில் என்றாலே மூன்று சர்வீஸ்.

கேள்வி: கடைசியாக, இப்போது நீங்கள் ஓட்டுவது என்ன? எவ்வளவு கொடுக்கிறது?

பதில்: சுசுகி ஸ்விஃப்ட். மேனுவல், 15 அங்குலச் சக்கரம், ஆயிரம் கிலோவுக்குள். இடுப்பு வலி போயே போச்சு. நேற்று ஃபுல் டேங்க் போட்டுக் கணக்குப் பார்த்தேன், 19.6. போன மாதம் 20.3 வந்தது. காலையில் வண்டி கிளம்புவதற்கு முன்னால் டயரில் காற்று பார்க்கணும்.