எச்சம் அரித்த பானெட்டுக்கு மறு பெயின்ட் தேவையா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்துமிடத்துக்கு மேலே பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் காகங்களின் எச்சம் பானெட்டில் விழுந்து காய்ந்துவிட்டது. வாட்ச்மேன் நல்ல எண்ணத்தில் அதை உலர்ந்த துணியால் துடைத்திருக்கிறார். இப்போது அடர்நீலப் பெயின்ட்டில் ரூபாய் நாணய அளவுக்கு மங்கிய தடங்களும் சுற்றிலும் மெல்லிய கீறல்களும் தெரிகின்றன. பானெட் முழுவதற்கும் புதிதாகப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். வேறு வழி இருக்கிறதா?
– வாசகி, திருச்சி

பதில்: பட்டறைக்காரருக்குச் சரி என்று சொல்வதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வண்டி நிழலில் ஆறியிருக்கும்போது, மங்கிய தடத்தின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பரப்புங்கள். ஈரமாக இருக்கும்வரை தடம் மறைந்து, காய்ந்ததும் மீண்டும் தெரிந்தால், பாதிப்பு மேற்பரப்போடு நின்றிருக்க வாய்ப்பு அதிகம். அதன்பின் விரல் நகத்தை மெதுவாகக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் எங்கும் தட்டாவிட்டால் பாலிஷிலேயே சரியாகிவிடும் என்று பெரும்பாலும் நம்பலாம்.

இதற்குக் காரணம் பெயின்ட்டின் அமைப்பு. தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் என்று வரிசையாக வந்து, எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற அடுக்கு இருக்கிறது. பளபளப்பைத் தருவது இதுதான். இதன் கனம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான், அதாவது தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம்; அதோடு பறவையின் செரிமான நொதிகளும் கலந்திருப்பதால் இரண்டும் சேர்ந்து இந்த அடுக்கை அரிக்கின்றன. உச்சி வெயிலில் கிளியர் கோட் சூடாகி இளகும். மாலையில் ஆறும்போது, இறுகிய எச்சத்தின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப அதுவும் இறுகிவிடும். உங்கள் காரைப் போன்ற அடர்நிற வண்டிகள் அதிகமாகச் சூடேறுவதால் அவற்றில் தடம் சீக்கிரம் பதிகிறது. மெல்லிய கீறல்களுக்குக் காரணம் வேறு: எச்சத்தில் விதைத் துணுக்குகளும் பறவை விழுங்கிய மணலும் இருக்கும், அதை உலர்ந்த துணியால் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம்.

சரிசெய்யும்போது மிக மென்மையான முறையில்தான் தொடங்க வேண்டும். வண்டியை கார் ஷாம்பு போட்டுக் கழுவி, முழுவதும் உலர்ந்தபின், மெல்லிய பாலிஷை மைக்ரோஃபைபர் துணியில் சிறிதளவு எடுத்து, உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் அதிகம் அழுத்தாமல் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும், பாலிஷைவிடக் கரடான தேய்ப்புப் பசையான ரப்பிங் காம்பவுண்டுக்குப் போகலாம். தேய்த்த துணியில் நீல நிறம் ஒட்டினால் அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள். கிளியர் கோட் தீர்ந்து நிறமே கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள். பானெட்டின் விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பூச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் அங்கே தேய்ப்பதைத் தவிருங்கள்.

நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், அதை நீங்களே முயல வேண்டாம். வண்டியைச் சுத்தம்செய்து மெருகேற்றும் நல்ல டீட்டெய்லிங் கடையில் முதலில் பெயின்ட்டின் கனத்தைக் கருவி வைத்து அளப்பார்கள். தொழிற்சாலைப் பெயின்ட்டின் மொத்தக் கனம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். போதிய கனம் இருப்பதை உறுதிசெய்தபின்பே 2000, 3000 எண் வாட்டர் பேப்பரால் (மிக நுண்ணிய உப்புத்தாள்) ஈரம் வைத்துத் தேய்த்து, மெஷின் பாலிஷ் போடுவார்கள். அளக்காமலேயே மெஷினை எடுக்கும் கடையில் வண்டியை விடாதீர்கள். போன கிளியர் கோட் திரும்ப வராது.

மறு பெயின்ட்டை இவ்வளவு தூரம் தள்ளிப்போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழிற்சாலையில் பெயின்ட்டை ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். பிளாஸ்டிக், ரப்பர், வயரிங் எல்லாம் பொருத்திய வண்டியை அந்த வெப்பத்தில் வைக்க முடியாது என்பதால், நல்ல பட்டறையில்கூட 60 டிகிரி அளவில்தான் உலர்த்துவார்கள்; அதனால் தொழிற்சாலைப் பூச்சின் உறுதி பெரும்பாலும் அதற்கு வராது. அதோடு, மெட்டாலிக் நிறமாக இருந்தால், பானெட்டும் பக்கத்து ஃபெண்டரும் வெயிலில் இரு வேறு நீலமாகத் தெரியும் அபாயமும் உண்டு. கிளியர் கோட் வெடித்தோ உரிந்தோ போயிருந்தாலும், அடியிலுள்ள நிறமே மாறியிருந்தாலும் பெயின்ட் அடித்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் உங்கள் வண்டி அந்த நிலைக்குப் போகவில்லை என்றே நினைக்கிறேன்.

மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவித் துடைத்தால் தடம் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எண்ணெய்ப் பசை இருக்கும்வரை தடம் மறைந்திருக்கும், அவ்வளவுதான். போதாக்குறைக்கு அந்தப் பசையில் தூசியும் படியும்.

கேள்வி: செராமிக் கோட்டிங் செய்துவிட்டால் எச்சத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா?
– வாசகர், சேலம்

பதில்: கவலைப்பட வேண்டியிருக்கும். பெயின்ட்டின் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சான செராமிக் கோட்டிங் எச்சத்தை எளிதாகக் கழுவ உதவும், அரிப்பைச் சற்றுத் தாமதப்படுத்தும். ஆனால் வெயிலில் நாள்கணக்கில் காயவிட்டால் அதன் மேலும் தடம் விழும். வண்டியில் ஒரு பாட்டில் தண்ணீரும் இரண்டு மைக்ரோஃபைபர் துணிகளும் வைத்துக்கொள்ளுங்கள். எச்சம் கண்ணில் பட்டதும் துணியை நன்றாக நனைத்து அதன் மேல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது என்பதால் இந்த ஊறல் அவசியம். ஊறியபின் தேய்க்காமல், துணியை மடித்து அப்படியே தூக்கி எடுத்துவிட்டு, மீதியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.