பல்லு கேப் (பல்லு மேல மாட்டுற உறை) ஒட்டுறதும் யூவி (புற ஊதா) வெளிச்சமும்: நீங்க கேட்டதுக்கு என் பதில்

கேள்வி: டாக்டர், நேத்து ஃபில்லிங் வச்சிட்டு நீல லைட் அடிச்சாங்க, அது யூவியா? நான் 5 மாசம் கர்ப்பமா இருக்கேன், பயமா இருக்கு.

பயப்படாதீங்கம்மா, அது யூவி இல்ல. கண்ணுக்குத் தெரியுற நீல வெளிச்சம், 470 நானோமீட்டர் பக்கம் இருக்கும். ஃபில்லிங் பேஸ்ட்டுக்குள்ள கேம்ஃபர்குயினோன்னு மஞ்சளா ஒரு பொருள் கலந்திருக்கும், அதுல இந்த வெளிச்சம் பட்டாத்தான் இறுகும், வயித்துல இருக்குற குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. 1970கள்ல நிஜமாவே யூவி லைட்டுதான் அடிச்சாங்க, ஆனா அது ஆழமா இறங்காது, மேல கெட்டியாயிடும் அடியில இளகலா நிக்கும், கண்ணுக்கும் ஆபத்து, அதான் விட்டுட்டாங்க.

கேள்வி: மேடம், பிடிஎஸ் ஃபைனல் இயர் படிக்கிறேன். சிர்கோனியா கேப்புக்கு ஒட்டுறதுக்கு முன்னாடி யூவி காட்டினா பிடிப்பு கூடுமா?

நல்ல கேள்வி தம்பி. சிர்கோனியாங்கிறது வெள்ளையா கெட்டியா இருக்குற ஒரு செராமிக், அதுல கண்ணாடிப் பகுதி இல்ல, அதனால மத்த செராமிக் மாதிரி ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் வச்சு அரிக்க வச்சு சைலேன்னு ஒட்ட உதவுற திரவத்த தடவுற வேலை இங்க எடுபடாது. 50 மைக்ரான் அலுமினா பொடிய கம்மி பிரஷர்ல அடிச்சு (இதுதான் சாண்ட்பிளாஸ்ட்) சொரசொரப்பாக்கி, எம்டிபின்னு சிர்கோனியாவப் புடிச்சிக்கிற பாஸ்பேட் பொருள் இருக்குற பிரைமர் (ஒட்டுறதுக்கு முன்னாடி தடவுற திரவம்) தடவணும். இதுல யூவி எங்க வருதுன்னா, கேப்பு சும்மா காத்துல இருந்தாலே கண்ணுக்குத் தெரியாத கார்பன் அழுக்கு மேல படிஞ்சிடும். ஒரு சொட்டு தண்ணி வச்சுப் பாரு, தாமரை இலை மேல நிக்கிற மாதிரி உருண்டு நிக்கும். யூவி-சி (யூவிலயே அலைநீளம் கம்மியான, வீரியமான வகை) காட்டிட்டு அதே இடத்துல வச்சா அப்படியே பரவி ஓடும், அழுக்கு போயிடுச்சுன்னு அர்த்தம். பிரைமரும் அதே மாதிரி நல்லா பரவி ஒட்டும். ஆனா லேப்ல பண்ண டெஸ்ட்டெல்லாம் ஒரே பதில் சொல்லல, சிலதுல பிடிப்பு கூடியிருக்கு சிலதுல வித்தியாசமே இல்ல. காட்டிட்டு நாள்கணக்குல வச்சிருந்தா திரும்ப அழுக்கு ஏறிடும், உடனே ஒட்டணும். என்னைக் கேட்டா இது கூடுதல் உதவிதான், சாண்ட்பிளாஸ்டும் எம்டிபியும் விட்டுட்டு இத மட்டும் நம்பாத.

கேள்வி: லேப் வச்சிருக்கேன் மேடம், நெயில் பாலிஷ் காய வைக்கிற யூவி லாம்ப் போதுமா?

போதாதுங்க. அது 365ல இருந்து 405 நானோமீட்டர் வரைக்கும் வர்ற வெளிச்சம், பெரும்பாலும் யூவி-ஏங்கிற வீரியம் கம்மியான வகை, ஜெல் இறுகத்தான் உதவும். அழுக்க உடைக்க 254 நானோமீட்டர் மாதிரி யூவி-சி வேணும், அது கண்ணையும் தோலையும் சுட்டுடும். மூடின பெட்டி இல்லாம தயவுசெஞ்சு திறந்து வச்சு எரிக்காதீங்க, சில நிமிஷம் பாத்தாலே ராத்திரி கண்ணுல மணல் கொட்டின மாதிரி எரியும்.

கேள்வி: அக்கா, அப்பாவோட சிர்கோனியா கேப் ரெண்டு தடவ கழண்டுடுச்சு, யூவி காட்டி ஒட்டச் சொல்லலாமா?

அதுக்கு முன்னாடி வேற ரெண்டு பாக்கணும்மா. அடியில இருக்குற பல்லு ரொம்பக் குட்டையா இருந்தா என்ன ஒட்டினாலும் நிக்காது. ரெண்டாவது எச்சில். கேப்ப வாயில வச்சு அளவு பாக்கும்போது உள்பக்கம் எச்சில் பட்டுடும், அதுல இருக்குற பாஸ்பேட் சிர்கோனியாவப் புடிச்சிக்கும், எம்டிபிக்கு எடமே கிடைக்காது. இது கார்பன் இல்லாததால யூவிக்கும் போகாது. சில பேரு பாஸ்பாரிக் ஆசிட்ல கழுவுறாங்க, அதுவும் பாஸ்பேட்டுதானே, இன்னும் கெடுத்துடும். சிர்கோனியாவுக்குன்னு இருக்குற கிளீனிங் பேஸ்ட்டோ திரும்ப ஒரு சாண்ட்பிளாஸ்ட்டோ பண்ணிட்டுத்தான் ஒட்டணும்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அதுவரைக்கும் கேப்ப ஒரு சின்ன டப்பால போட்டு வைங்க, ஃபெவிக்விக் வச்சு வீட்லயே ஒட்டிடாதீங்க.