டீப் பிளேனா, மேக்ஸா, ஸ்மாஸா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 57 வயசு. தாடை ஓரத்துல ரெண்டு பக்கமும் சதை இறங்கிருச்சு, கழுத்துலயும் தோல் தளர்ந்து போச்சு. துபாய்ல இருக்க மகன் செலவ பாத்துக்கிறேன்னு சொல்றான். தொங்குற முகத்த தூக்கி விடுற ஃபேஸ்லிஃப்ட் ஆபரேஷனுக்கு சென்னையில மூணு இடத்துல கேட்டோம். ஒரு இடத்துல ஸ்மாஸ் லிஃப்ட்னாங்க, இன்னொரு இடத்துல மேக்ஸ் லிஃப்ட், சின்ன வெட்டுதான், அது போதும்னாங்க, மூணாவது இடத்துல டீப் பிளேன் தவிர எதுவும் நிக்காதுன்னு சொல்லி ரெண்டு மடங்கு காசு கேக்குறாங்க. எதத்தான் நம்புறது?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: லாத்தா, மூணு பேரும் பொய் சொல்லல, ஆனா மூணு பேரும் அவங்கவங்க கைக்குப் பழகுனத சொல்லியிருக்காங்க. முதல்ல உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா இந்தப் பேரெல்லாம் பயமுறுத்தாது. தோலுக்கு கீழ கொழுப்பு, அதுக்கும் கீழ நார் மாதிரி ஒரு படலம், அதுதான் ஸ்மாஸ். 1976-ல பிரான்ஸ் டாக்டருங்க மிட்ஸ், பெய்ரோனி ரெண்டு பேரும் அத தெளிவா எழுதி வச்சாங்க. அதுக்கு முன்னாடி பெரும்பாலும் தோல மட்டும் இழுத்து மிச்சத்த வெட்டித் தைப்பாங்க. உள்ள பஞ்சு இறங்கிப் போன தலகாணிக்கு உறைய மட்டும் இழுத்துக் கட்டுனா எப்படி இருக்கும், அப்படித்தான், கொஞ்ச நாள் விறைப்பா இருந்துட்டு திரும்ப தொங்கிரும், இழுத்த இழுப்புல தழும்பும் அகலமாயிரும்.

இப்ப உங்ககிட்ட சொன்ன மூணும் அந்தப் படலத்த தூக்குற வேலதான், தூக்குற விதம்தான் வேற. ஸ்மாஸ் லிஃப்ட்ங்கறது ஒரே ஆபரேஷன் இல்ல, படலத்த மடிச்சு தைக்கிறவங்களும் உண்டு, ஒரு பட்டையா வெட்டி எடுத்துட்டு ரெண்டு ஓரத்தையும் சேத்து தைக்கிறவங்களும் உண்டு, தனியா பிரிச்சு மேல ஏத்துறவங்களும் உண்டு. அதனால "ஸ்மாஸ்" ன்னு சொன்னா அதோட விட்றாதீங்க, மடிச்சு தைப்பீங்களா பிரிச்சு தூக்குவீங்களான்னு கேளுங்க.

மேக்ஸ் லிஃப்ட் பெல்ஜியத்துல டோனார்ட், வெர்பாலேன்னு ரெண்டு டாக்டருங்க கொண்டு வந்தது. காதுக்கு முன்னாடி மட்டும் வெட்டி, உள்ள சுருக்குப் பை கயிறு மாதிரி தையல் போட்டு, நெத்திப் பொட்டு பக்கத்துல இருக்க கெட்டிப் படலத்துல கட்டி நேரா மேல இழுப்பாங்க. வெட்டு சின்னது, காதுக்குப் பின்னாடி தழும்பு கிடையாது, பொதுவா சீக்கிரம் ஆறும். ஆனா கழுத்துத் தோல் நிறைய தளர்ந்திருந்தா அதுக்கு இது பத்தாது. நீங்க கழுத்த பத்தி எழுதியிருக்கறதால இது மட்டும் போதும்னு சொன்ன இடத்துல "என் கழுத்துக்கு என்ன பண்ணுவீங்க" ன்னு திரும்ப கேக்கணும்.

டீப் பிளேன் 1990-ல அமெரிக்காவுல சாம் ஹம்ரா எழுதுனது. தோலையும் ஸ்மாஸையும் பிரிக்காம ஒரே அடுக்கா தூக்கி, கன்னத்த எலும்போட பிடிச்சு வச்சிருக்க நார்க்கட்டுகள விடுவிச்சு, மொத்தமா மேல நகத்துவாங்க. கன்னத்து நடுப்பகுதி நல்லா ஏறும், இழுப்பெல்லாம் உள்ள இருக்க படலம் தாங்கிக்கும், தோல் சும்மா மேல படுத்துக்கும். ஆனா முக நரம்புக் கிளைங்க அந்த இடத்துக்கு ரொம்ப பக்கத்துல ஓடுது, ஆபரேஷன் நேரமும் கூட, அதனால இத தொடர்ந்து செஞ்சு பழகுன கைதான் வேணும்.

சரி, ரெண்டு மடங்கு காசுக்கு ரெண்டு மடங்கு பலன் உண்டா? 1996-ல அமெரிக்க சர்ஜன்கள் ஒரே ஆளோட முகத்துல ஒரு பக்கம் சாதாரண ஸ்மாஸ் முறை, மறுபக்கம் ஆழமான முறைன்னு செஞ்சு, ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க, சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் தெரியல. அதுக்கப்புறம் டீப் பிளேன் எவ்வளவோ மாறியிருக்கு, சர்ஜன்களுக்குள்ள இன்னைக்கும் வாக்குவாதம் ஓயல. அதனால பேரப் பாத்து காசு கட்டாதீங்க லாத்தா, ஆளப் பாத்து கட்டுங்க. பிளாஸ்டிக் சர்ஜரியில எம்.சிஎச் இல்லன்னா டிஎன்பி பட்டம் முடிச்சவரா, மயக்க மருந்து டாக்டர் கூடவே இருப்பாரா, இது ரெண்டும் முதல்ல. பிறகு அவர் செஞ்சவங்களோட ஒரு வருஷத்துக்கு அப்புறம் எடுத்த போட்டோ காட்டச் சொல்லுங்க, பக்கவாட்டுல முடிய ஒதுக்கி எடுத்தது. அதுல காது மடல பாருங்க. மடலோட கீழ் நுனி உருண்டையா, தனியா தொங்கணும். கீழ இழுபட்டு கன்னத்தோட ஒட்டுன மாதிரி நீண்டு இருந்தா, அங்க பாரத்த தோல் தாங்கியிருக்குன்னு அர்த்தம். சிரிக்கிற போட்டோக்கள விட இந்த ஒண்ணு நிறைய சொல்லும்.

நம்ம ஊர்க்காரங்களுக்குன்னு ஒரு விஷயம். ஆபரேஷன் முடிஞ்சதும் ராத்திரி ரயில புடிச்சு ராமநாதபுரம் வந்து இறங்குற வேலையே வேணாம், தோலுக்கு கீழ ரத்தம் கட்டுறது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துல வரும், வந்தா உடனே திறந்து எடுக்கணும். தையல் பிரிக்கிற வரைக்கும் பத்து நாளாவது சென்னையிலயே தங்குங்க. தலைய குனிஞ்சா வீக்கம் கூடும், அதனால முதல் ரெண்டு வாரம் சஜ்தாவுக்கு பதிலா நாற்காலில உக்காந்து தொழுறத பத்தி ஆலிம்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. துப்பட்டாவ காதுக்கு பின்னாடி இறுக்காம தளர்வா போடுங்க. கனமான தோடு டாக்டர் சொல்ற வரைக்கும் வேணாம். நம்ம நிறத்துக்கு தழும்பு தடிக்கிறதும் கறுக்குறதும் உண்டு, காது குத்துன இடத்துல எப்பவாவது தடிச்சிருந்தா அத டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க.

கேள்வி: வயசு 61, பிரஷர் மாத்திரை போடுறேன், சிகரெட் உண்டு. ஆம்பளைங்க இத செய்யலாமா? டீப் பிளேன்ல நரம்பு வெட்டுப்பட்டு வாய் கோணிக்கும்னு சொல்றாங்களே?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: அண்ணே, ஆம்பளைங்க தாராளமா செய்யலாம். வாய் கோணுறது நிரந்தரமா நிக்கிறது நூத்துல ஒருத்தருக்கும் கீழதான், தற்காலிகமா ஒரு பக்கம் அசைவு குறையறது அத விட கூட, பெரும்பாலும் சில வாரம், சில மாசத்துல சரியாயிரும். எந்த முறையிலயும் அதிகமா அடிபடுறது முகத்த அசைக்கிற நரம்பு இல்ல, காது மடலுக்கு உணர்ச்சி குடுக்குற நரம்பு, அது போனா மடல் மரத்துக் கிடக்கும்.

எனக்கு உங்க விஷயத்துல கவலை நரம்பு இல்ல, மத்த ரெண்டும்தான். ரத்தம் கட்டுறது ஆம்பளைங்களுக்கு பொம்பளைங்கள விட அதிகம், தாடி வளர்ற தோலுக்கு ரத்த ஓட்டம் கூட, அதோட பிரஷரும் சேந்தா இன்னும் அதிகம். பிரஷர் கட்டுக்குள்ள வராம தேதி குறிக்காதீங்க. இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுறவரா இருந்தா நீங்களா நிறுத்தாதீங்க, இதய டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவு பண்ணட்டும். சிகரெட்டு விஷயத்துல நான் விட்டுக் குடுக்க மாட்டேன், முன்னாடி நாலு வாரம், பின்னாடி நாலு வாரம் சுத்தமா நிறுத்தணும், இல்லன்னா காதுக்குப் பின்னாடி தோல் ரத்தம் கிடைக்காம கறுத்து செத்துப் போகும், அது ஆற மாசக்கணக்காகும். நிகோடின் சூயிங்கமும் அதே கெடுதல்தான். அப்புறம் இன்னொண்ணு, கன்னத்துத் தோல் பின்னாடி நகரும்போது தாடி முளைக்கிற இடமும் காதுகிட்ட நகரும், காதோரமும் சவரம் பண்ண வேண்டி வரலாம். வெட்டு எந்த வழியா போகும்னு பேனாவால உங்க முகத்துலயே வரைஞ்சு காட்டச் சொல்லி கண்ணாடியில பாத்துக்கோங்க.

கேள்வி: நாங்க கடல்ல பாசி எடுக்குறவங்க. எனக்கு 44 வயசுதான், முகம் பூரா கோடு கோடா சுருங்கி கறுத்துப் போச்சு. கடன் வாங்கியாவது இந்த ஆபரேஷன் பண்ணிக்கலாமா?
– ஒரு சகோதரி, சின்னப்பாலம், பாம்பன்

பதில்: வேணாம்மா, இதுக்காக கடன் வாங்காதீங்க. மேல சொன்ன எந்த முறையும் தொங்குற சதையத்தான் ஏத்தும், வெயில் போட்ட மெல்லிசு கோட்டையும் கறுப்பையும் அழிக்காது. உங்களுக்கு வேண்டியது தோல் டாக்டர். ராத்திரில போடுற ட்ரெட்டினாயின் க்ரீம் இந்தக் கோடுகளுக்கு மெதுவா, மாசக்கணக்குல வேலை செய்யும், ஆனா டாக்டர் எழுதிக் குடுத்துதான் போடணும், கர்ப்பமா இருக்கவங்க போடவே கூடாது. கடலுக்குப் போறதுக்கு முன்னாடி தண்ணியில கரையாத சன்ஸ்கிரீன், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திரும்ப பூசணும், தலையில இருந்து கன்னம் வரைக்கும் துணி. கடைக்காரங்க கையில குடுக்குற வெள்ளையாக்குற ட்யூப் நிறையத்துல ஸ்டீராய்டு கலந்திருக்கு, முதல் மாசம் பளபளப்பா தெரியும், அப்புறம் தோல் மெலிஞ்சு செவந்து ரோமம் முளைக்க ஆரம்பிக்கும். அப்படி ஏதாவது ஏற்கனவே போட்டுக்கிட்டு இருந்தா திடீர்னு நிறுத்துனாலும் எரியும், அதனால அந்த ட்யூப கையோட எடுத்துட்டு ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரி தோல் டாக்டர்கிட்ட போய் காட்டுங்க.