கப்பலில் நாலு ராத்திரி, நானும் அவரும் மட்டும்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 55 வயது. திருச்சியில் இருக்கிறோம். கணவர் ரிட்டயர் ஆகிவிட்டார். தை மாதம் திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. அது முடிந்த கையோடு, சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் அங்கிருந்து கிளம்பும் சுற்றுலாக் கப்பலில் எங்களுக்கு டிக்கெட் போட்டுவிட்டான். நாலு ராத்திரி. பினாங்கு, புக்கெட் போய்விட்டுத் திரும்பிவரும். நானும் அவரும் மட்டும்.

கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் "நீ கொடுத்துவைத்தவள்" என்கிறார்கள். எனக்கோ டிக்கெட்டைப் பார்த்த நாளிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது.

கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. இரண்டு பேரும் தனியாக எங்கேயும் போனதில்லை. புதிதில் கொடைக்கானல் போனோம், நாத்தனார் குடும்பமும் கூடவே வந்தது. அப்புறம் எல்லாம் வேனில்தான்: குலதெய்வம், பழனி, திருப்பதி. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். மாமியார் கடைசி சில வருஷங்கள் படுத்த படுக்கையாக இருந்தார். ராத்திரி கூப்பிடுவார் என்று அவர் அறையிலேயே படுத்துக்கொண்டேன். போன வருஷம் அவர் தவறிவிட்டார். நான் இன்னும் அந்த அறையில்தான் படுக்கிறேன். யாரும் வரச்சொல்லவில்லை, நானும் போகவில்லை.

எங்களுக்குள் சண்டை கிடையாது. அவர் கை நீட்டியதில்லை, மரியாதைக்குறைவாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. பேச்சே குறைவு. "கேஸ் புக் பண்ணியாச்சா?", "தம்பி போன் பண்ணினானா?" அவ்வளவுதான். இவரோடு ஒரு சின்ன அறையில், ஒரே கட்டிலில், நாலு ராத்திரி எப்படி இருப்பேன்? என்ன பேசுவேன்?

இது போதாதென்று, மகன் விஷயத்தைச் சொன்ன மறுநாளே, "என் தம்பியையும் அவன் வீட்டுக்காரியையும் கூட்டிக்கிட்டுப் போவோம், நாலு பேரா இருந்தாத்தான் கலகலப்பா இருக்கும்" என்று ஆரம்பித்துவிட்டார். என்னைக் கேட்காமலே அவர்களிடம் சொல்லியும் விட்டார். என் ஓர்ப்படி, கப்பலில் என்ன துணி உடுத்துவது என்று போனில் கேட்கிறாள். என்னோடு நாலு நாள் தனியாக இருப்பது அவருக்கு அவ்வளவு பாரமா?

மகன் பேசும்போதெல்லாம் "கப்பல் ரொம்ப ஆடுமாப்பா?" என்று அதையே கேட்கிறார். தட்டிக்கழிக்கத்தான் வழி தேடுகிறார் என்று தோன்றுகிறது. டயரியின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் வேறு போட்டிருக்கிறார். எட்டிப் பார்த்தேன். பாஸ்போர்ட் நகல், ப்ரஷர் மாத்திரை, எலுமிச்சம்பழம், டார்ச், இவளுக்குச் சால்வை. இதையெல்லாம் எழுதுகிறவர் என்னோடு உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசக்கூடாதா?

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபமும் இருக்கிறது. அவர் அம்மாவுக்குத் துணி மாற்றி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டேன். "கஷ்டப்படுறியே" என்று ஒரு நாள் கேட்டதில்லை. இத்தனை வருஷம் இல்லாத உறவைக் கடலுக்கு நடுவில் போய்க் கொண்டாட வேண்டுமா? மகளும் மருமகளும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 'செகண்ட் ஹனிமூன்' என்று இதயப் படமாகப் போடுகிறார்கள். எனக்குக் கூசுகிறது.

கொழுந்தன் குடும்பமும் வரட்டும் என்று சொல்லிவிடவா? இல்லை, கால்வலி என்று சொல்லி நான் நின்றுவிடவா?

ஒரு திருச்சி வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கால்வலி என்று சொல்லி நின்றுவிடாதீர்கள். கொழுந்தன் குடும்பமும் இந்தத் தடவை வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நான் முதலில் தேடியது, நீங்கள் அவருக்குப் பயப்படுகிறீர்களா என்பதைத்தான். பயம் இருந்திருந்தால் இந்தப் பயணமே வேண்டாம் என்றிருப்பேன். நீங்கள் எழுதியதில் கூச்சம் இருக்கிறது, ஆதங்கம் இருக்கிறது. அச்சம் தெரியவில்லை. அதனால்தான் போய்வாருங்கள் என்கிறேன்.

கூட்டுக்குடும்பத்தில் வாழ்ந்த தம்பதிகள் பலர் அறுபதை ஒட்டி இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். வீட்டில் எப்போதும் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். "அப்பாகிட்ட சொல்லுடா", "அம்மா, அவளைக் கேளுங்க" என்று பேச்சு அந்த மூன்றாவது ஆள் வழியாகவே போய்வந்தது. பிள்ளைகள் வேலைக்குப் போய், பெரியவர்களும் போய்ச் சேர்ந்த பிறகு, நேருக்கு நேர் பேசிப் பழக்கமில்லாத இரண்டு பேர் மிஞ்சுகிறார்கள். உங்கள் கணவர் தம்பியைக் கூப்பிட்டதை நான் அப்படித்தான் பார்க்கிறேன். அவருக்கும் உங்கள் கேள்விதான்: நாலு நாள் என்ன பேசுவது? தம்பி வந்தால் அந்தக் கஷ்டம் தீரும். ஆனால் பழைய வேன் ஏற்பாடு அப்படியே கப்பலில் ஏறிவிடும், ஆண்கள் ஒரு பக்கம், நீங்களும் ஓர்ப்படியும் ஒரு பக்கம். மகன் கொடுத்த பரிசு வீணாகப் போகும்.

அந்த டயரிப் பட்டியலைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. எலுமிச்சம்பழத்தையும் "கப்பல் ஆடுமா?" என்ற கேள்வியையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். கொடைக்கானல் மலைப்பாதையில் அவருக்கு வயிற்றைப் புரட்டியதா என்று யோசியுங்கள். என் ஊகம் சரியென்றால், உங்கள் முன்னால் தலை சுற்றி வாந்தி எடுத்துப் படுத்துக்கிடக்க நேருமோ என்று மனிதர் கவலைப்படுகிறார். அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் பையனிடம் திரும்பத்திரும்பக் கேட்கிறார். கப்பலுக்குள் ஏசி குளிரும், இவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று யோசித்துச் சால்வையும் எழுதியிருக்கிறார். "கஷ்டப்படுறியே" என்று கேட்காத அதே மனிதர்தான் இதையும் எழுதியிருக்கிறார். இரண்டுமே உண்மை.

கடல் பயத்துக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகும் கப்பல்கள் மலாக்கா நீரிணை வழியாகப் போகின்றன. ஒரு பக்கம் மலேசியா, மறுபக்கம் சுமத்ரா. இரண்டு கரைகளுக்கு நடுவே இருப்பதால் அங்கே கடல் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். பெரிய கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்க நீருக்கடியில் இரு பக்கமும் மீன் துடுப்பு போன்ற தகடுகள் வைத்திருக்கிறார்கள். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கிடைத்தால் ஆட்டம் இன்னும் குறையும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "நகர்கிறோம்" என்கிறது, அறைச் சுவரைப் பார்க்கும் கண் "இல்லை" என்கிறது. அந்தக் குழப்பத்தில்தான் குமட்டல் வருகிறது. அப்படி வந்தால் அறைக்குள் அடைந்துகிடக்காமல் மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போட வேண்டாம். அவர் ப்ரஷருக்கு மருந்து சாப்பிடுகிறவர், தலைசுற்றலுக்கான சில மாத்திரைகள் அறுபது வயது ஆண்களுக்குச் சிறுநீர் போவதிலும் சிரமம் தரும். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள், அவரோடு நீங்களும் போங்கள். இந்தப் பயணத்துக்காக நீங்கள் இருவரும் சேர்ந்து செய்யும் முதல் வேலையாக அது இருக்கட்டும்.

அடுத்து, கட்டில். கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோனாலும் உங்களுக்கு அதிகம் உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். பெரும்பாலான கப்பல்களில் இருவர் அறையில் இருப்பவை இரண்டு ஒற்றைக் கட்டில்கள். சேர்த்தும் போடலாம், பிரித்தும் போடலாம். மகன் முன்பதிவிலேயே சொல்லிவிடலாம். ஏறிய பிறகு அறையைப் பார்த்துக்கொள்ளும் பணியாளரிடம் சொன்னாலும் செய்துகொடுப்பார். எப்படிப் போடுவது என்பதை நீங்கள் இருவரும் திருச்சியிலேயே பேசி முடிவுசெய்யுங்கள். "நாம தனித்தனியாப் படுத்தே பழகிட்டோம், அங்க எப்படிப் படுத்துக்கலாம்?" இந்த ஒரு கேள்வி போதும். அதைக் கேட்க முடிந்தால் பயணத்தின் பாதிப் பாரம் இறங்கிவிடும். 'ஹனிமூன்' என்று பிள்ளைகள் கேலி செய்வதால் உங்கள் இருவர் மேலும் எந்தக் கடமையும் ஏறிவிடாது. பக்கத்தில் படுத்துத் தூங்கினாலும் சரி, தள்ளிப் படுத்துத் தூங்கினாலும் சரி. குரூப்பில் அந்தப் பேச்சு வேண்டாம், அம்மாவுக்குக் கூச்சமாக இருக்கிறது என்று மகளிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

மாமியாரின் அறையை நீங்கள் இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். வருஷக்கணக்கில் ராத்திரி ஒரு குரலுக்குக் காது கொடுத்தே தூங்கியிருக்கிறீர்கள். அந்தக் குரல் நின்றுபோன பிறகும் உடம்பு விழித்துக்கொண்டுதான் இருக்கும். இவ்வளவு உழைத்த பிறகு வரும் களைப்பு, துக்கம், கொஞ்சம் நிம்மதி, அந்த நிம்மதியை நினைத்தே ஒரு குற்றவுணர்வு எல்லாம் கலந்துகட்டி இருக்கும். நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களிடம் இதை நிறையப் பார்க்கிறோம். உங்கள் கோபத்தில் ஒரு பங்கு இந்தக் களைப்பு. தூக்கம் கெட்டு, அழுகை வந்துகொண்டே இருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலிமானஸ்) தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. கப்பல் பயணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒதுக்காதீர்கள்.

மீதிக் கோபம் நியாயமானது. அதை அவரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முதல் ராத்திரியே முப்பது வருஷக் கணக்கையும் எடுத்து வைக்காதீர்கள், அவர் வாயை மூடிக்கொள்வார். கரையை விட்டதும் செல்போன் சிக்னல் போய்விடும், கப்பல் வைஃபைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். டிவி சீரியலும் இருக்காது. அந்த முதல் சாயங்காலம் வீட்டில் இருப்பதைவிட மௌனம் பெரிதாகத் தெரியும். தெரியட்டும். மூன்றாம் நாள் வாக்கில், மனம் இளகியிருக்கும்போது ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்: "அத்தையைப் பார்த்துக்கிட்டப்போ நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்னு இருந்துச்சு." சொல்லிவிட்டு அவருக்கு நேரம் கொடுங்கள். உடனே பதில் வராது. அவர் எழுந்து போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாலு நாளும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அறை சின்னதுதான், 150லிருந்து 180 சதுர அடி இருக்கும். அங்கே தூங்கவும் குளிக்கவும்தான் போவீர்கள். வெளியே பத்துக்கும் மேற்பட்ட தளங்கள், ஆயிரக்கணக்கான மனிதர்கள். அவர் காலையில் மேல்தளத்தில் நடக்கட்டும், நீங்கள் மேஜிக் ஷோவோ நடனமோ பாருங்கள். ஒரு வேளைச் சாப்பாடு மட்டும் இருவருக்கான மேஜையில், மற்றவர்கள் இல்லாமல். கேட்காவிட்டால் தெரியாதவர்களோடு பெரிய மேஜையில் உட்கார வைக்கக்கூடும், அங்கே போயும் மூன்றாவது ஆள் வந்துவிடுவார். சைவச் சாப்பாட்டுக்கு முன்பதிவின்போதே சொல்லிவையுங்கள்.

1993இல் ரைஸ்மன், ஆரன், பெர்கன் என்ற ஆய்வாளர்கள் 53 தம்பதிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவினர் வாரம் ஒன்றரை மணி நேரம், பத்து வாரம், தங்களுக்குப் பழக்கமான இனிய விஷயங்களைச் செய்தார்கள். இன்னொரு பிரிவினர் வழக்கத்துக்கு மாறான, விறுவிறுப்பான விஷயங்களைச் செய்தார்கள். மணவாழ்க்கையில் திருப்தி கூடியது இந்த இரண்டாவது பிரிவினருக்குத்தான். கப்பலில் எல்லாமே உங்கள் இருவருக்கும் புதிது. கிளம்பும் முன் ஆபத்துக்காலப் பயிற்சி இருக்கும், அதை யாரும் தவிர்க்க முடியாது. ஏழு குட்டை ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் எங்கே போய்க் கூட வேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படி மாட்ட வேண்டும் என்று காட்டுவார்கள். அந்த இடத்தைத் தேடிப் படிக்கட்டுகளில் இருவரும் வழிதவறி அலைவீர்கள், யாரிடமாவது அரைகுறை ஆங்கிலத்தில் கேட்பீர்கள். பேச்சு தானாக வரும்.

ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் புதுமணத் தம்பதிகளை ஆராய்ந்து, ஆறு வருஷம் கழித்துத் திரும்பப் பார்த்தார். ஒருவர் "அங்க பாரு" என்பது போலச் சின்னதாக எதையாவது சொல்லும்போது மற்றவர் முகம் கொடுப்பது, சேர்ந்து வாழ்ந்தவர்களிடம் 86 சதவீதமாகவும் பிரிந்தவர்களிடம் 33 சதவீதமாகவும் இருந்தது. அவர் "அந்தப் படகைப் பாரு" என்றால், கையில் இருப்பதை வைத்துவிட்டுப் பாருங்கள். நீங்களும் எதையாவது காட்டுங்கள். பெரிய பேச்சு எதுவும் தேவையில்லை.

பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் நிற்கும். அங்கிருந்து குவீன் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் நடக்கிற தூரம்தான், 1833இல் கட்டியது. சுற்றிலும் தமிழ்க் கடைகள், பூக்கடைகள், இட்லி தோசையும் கிடைக்கும். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் சேராமல் நீங்களாகவே போய்வாருங்கள். ஆனால் திரும்பி ஏறச் சொன்ன நேரம் தவறக்கூடாது என்று உங்கள் கணவர் கறாராக இருப்பார், அப்போது முகம் சுளிக்காதீர்கள். தனியாகப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

கிளம்பும் முன்னால் ஒரு சாயங்காலம் இரண்டு பேர் மட்டும் முக்கொம்புக்கு பஸ்ஸில் போய்வாருங்கள். பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை.

கொழுந்தன் விஷயத்தை நீங்கள் நேராக அவர்களிடம் பேச வேண்டாம். சொன்னவர் அவர், மாற்றிச் சொல்ல வேண்டியவரும் அவரே. அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அடுத்த தடவை எல்லாரும் போகலாம். இந்தத் தடவை நாம ரெண்டு பேரும் போவோம், எனக்கு அதுதான் ஆசை." ஆசை என்று சொல்லக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் சொல்லுங்கள். அவர் தம்பியிடம் மகன் மேல் பழியைப் போட்டு, "டிக்கெட் ரெண்டுதான் போட்டிருக்கான்" என்று சொன்னாலும் விட்டுவிடுங்கள். பெயர் சேர்க்கவும் மாற்றவும் கப்பல்காரர்கள் கெடு வைத்திருப்பார்கள், அதனால் இந்த வாரமே பேசிவிடுங்கள்.