சீனக் கடைக் கறுப்பு எள்ளும் அப்பாவின் கிரியாட்டினினும்

கேளுங்கள், சொல்கிறேன்: வாசகர் உடல்நலப் பக்கம்

கேள்வி: சிஸ்டரம்மாவுக்கு வணக்கம். என் அப்பாவுக்கு வயது 67. இருபது வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. போன மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) 2.8 என்று வந்தது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா அன்போடு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்: கறுப்பு பீன்ஸ் சூப், வால்நட், கறுப்பு எள், கோஜி என்கிற சின்னச் சிவப்புப் பழம், எலும்பு சூப். எல்லாம் சிறுநீரகத்துக்குப் பலமாம். ரங்கூன் சீனத்தெருவுக்குப் போய் வாங்கியும் வந்துவிட்டேன். எப்படிச் செய்து கொடுப்பது?
— ஒரு மகள், பெகு

பதில்: தங்கச்சி, வாங்கி வந்த பொட்டலங்களை அப்படியே கட்டி வையுங்கள். அப்பாவுக்கு இப்போது அவை வேண்டாம். அந்தச் சீன அம்மா பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன சிறுநீரகம் வேறு, உங்கள் அப்பாவின் ரத்தச் சீட்டில் இருக்கும் சிறுநீரகம் வேறு. நம் வீடுகளில் இந்தக் குழப்பத்தை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் அப்பா லாத்தா பக்கம் ஒரு சீன மருந்துக்கடையில் கணக்கு எழுதினார். பள்ளிக்கூடம் விட்டதும் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடுவேன். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். கடைக்காரச் சீனத் தாத்தா வெள்ளிக்கோலைத் தூக்கிப் பிடித்து, பித்தளைத் தட்டில் மருந்தை நிறுத்து, தாளில் கொட்டி மடிப்பார். இடுப்பு வலி என்று யாராவது வந்தால் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடி பார்ப்பார். கட்டைவிரலிலிருந்து தள்ளி, முழங்கைப் பக்கமாக இருக்கும் மூன்றாவது இடம்தான் சிறுநீரகத்துக்கு உரியது என்பார்.

அவர்கள் வைத்தியத்தில் அதன் பெயர் ஷென். உடம்பின் மூலச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும் இடம் அது. எலும்பு, பல், தலைமுடி, காது, பிள்ளைப்பேறு எல்லாமே அதன் பொறுப்பு. பஞ்சபூதம் என்று நாம் சொல்வதுபோல் அவர்களுக்கும் ஐந்து உண்டு. அதில் ஷென் நீரோடு சேர்ந்தது. அதற்குரிய பருவம் குளிர்காலம், சுவை உப்பு, உணர்ச்சி பயம், நிறம் கறுப்பு. கறுப்பு எள், கறுப்பு பீன்ஸ், பர்மியர் எலிக்காது என்று சொல்கிற கறுப்புக் காளான் எல்லாம் அந்தப் பட்டியலில் வந்து உட்கார்ந்தது இந்த நிறக் கணக்கால்தான்.

அப்புறம், எல்லோருக்கும் ஒரே பண்டம் கிடையாது. நாம் சூட்டு உடம்பு, குளிர்ச்சி உடம்பு என்று பார்ப்பதுபோல் அவர்களும் பார்ப்பார்கள். உள்ளங்கால் சில்லென்று இருந்து, இரவில் நாலு தடவை சிறுநீருக்கு எழுந்து, இடுப்பும் குளிர்ந்தால் ஷென்னின் சூடு குறைந்துவிட்டது என்பார்கள். அதற்கு வால்நட், ஆட்டுக்கறி, இறால், பட்டை. உள்ளங்கை எரிந்து, ராத்திரி வியர்த்து, வாய் வறண்டு, காதில் ரீங்காரம் கேட்டால் குளிர்ச்சி குறைவு. அதற்கு கறுப்பு எள், கோஜி, முசுக்கட்டைப் பழம். வெற்றிலைவள்ளிக்குப் பங்காளியான ஒரு கிழங்கைக் காயவைத்து வெள்ளை வெள்ளை வில்லையாக விற்பார்கள், அது இரண்டு பேருக்கும் பொது.

நம் ஆச்சிமார் வயதுக்கு வந்த பெண்ணுக்குத் தோல் உளுந்தைக் களியாகக் கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு, "இடுப்புக்குப் பலம், தின்னுடி" என்று கொடுக்கிறார்களே, அதுவும் இதே கணக்குதான் என்று எனக்குத் தோன்றும். நல்ல உடம்புக்காரர் இதையெல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம்.

உங்கள் அப்பா நிலை அப்படி இல்லை. கிரியாட்டினின் 2.8 என்றால் சிறுநீரகம் வடிகட்டும் வேலையில் பாதிக்கு மேல் நின்றுபோயிருக்கிறது. பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் வெளியே தள்ள அதற்குச் சிரமம். பீன்ஸிலும் வால்நட்டிலும் எள்ளிலும் இந்த இரண்டும் நிறைய. எலும்பு சூப்பில் உப்பும் சேரும். பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் வலி தெரியாது, காய்ச்சல் வராது. நேரே இதயத் துடிப்பில் கை வைக்கும். டயாலிசிஸ் வார்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள் நான். "சத்தானதுதானே கொடுத்தோம்" என்று அழுத பிள்ளைகளை வாசலில் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்த வரிசையில் நிற்கக் கூடாது.

கோஜி பழம் பத்து போட்டால் பெரிய கெடுதல் இல்லை என்று சிலர் சொல்வார்கள். அப்பா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாரா என்று முதலில் பாருங்கள். சாப்பிடுகிறார் என்றால் கோஜி கூடவே கூடாது, ரத்தக் கசிவு வரலாம்.

இந்தச் சீட்டில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மூலை நட்சத்திரப் பழம் நம் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. சிறுநீரகம் பழுதானவர் அதைத் தொடவே கூடாது. அதில் உள்ள நஞ்சு வெளியேறாமல் மூளைக்கு ஏறும். தீராத விக்கலில் தொடங்கி வலிப்பு வரைக்கும் போகும்.

சரி, என்னதான் கொடுப்பது? ஙப்பி என்கிற பர்மிய மீன் விழுதையும் மீன் சாற்றையும் அஜினோமோட்டோவையும் குறையுங்கள், மூன்றிலும் சோடியம்தான். காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். பொட்டாசியம் கொஞ்சம் இறங்கும். பருப்பும் மீனும் எவ்வளவு என்பதை அவருடைய ரத்தச் சீட்டைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் இங்கிருந்து சொல்ல மாட்டேன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால் மிச்சமிருக்கும் சிறுநீரகம் பல வருஷம் ஓட வாய்ப்பு உண்டு.

அந்தச் சீனத் தாத்தா செய்த ஒரு காரியம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. நாடி பார்த்து முடிந்ததும் வந்தவரின் கைலியைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, முன்னங்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுப்பார். குழி விழுந்து அப்படியே நின்றால், காலில் நீர் கோர்த்திருக்கிறது என்று அர்த்தம்; திறந்த இழுப்பறையைச் சாத்திவிடுவார். "ஆஸ்பத்திரிக்குப் போ" என்று பர்மிய மொழியில் சொல்வார். காசு வாங்க மாட்டார்.

கேள்வி: அக்கா, எனக்கு 28 வயது. அதற்குள் நரை. சீனக் கடையில் கேட்டால் சிறுநீரகம் பலவீனம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது. கறுப்பு எள் சாப்பிட்டால் முடி கறுக்குமா?
— ஒரு தம்பி, திங்கன்ஜூன்

பதில்: பயப்படாதீர்கள் தம்பி. சீனரின் பழைய மருத்துவ நூலான ஹுவாங்தி நெய்ஜிங், ஆண் உடம்பை எட்டு எட்டு வருஷமாகவும் பெண் உடம்பை ஏழு ஏழு வருஷமாகவும் கணக்குப் போடுகிறது. ஆணுக்கு எட்டு வயதில் ஷென் நிறையும், பல் விழுந்து முளைக்கும். ஐந்தெட்டு நாற்பதில் அது குறையத் தொடங்கும், முடி உதிரும். ஆறெட்டு நாற்பத்தெட்டில் கன்னப்பொறி நரைக்கும். அதனால்தான் நரையைப் பார்த்ததும் அப்படிச் சொன்னார்கள். உங்கள் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

நரைத்த முடியை எள் கறுப்பாக்காது. இளநரை பெரும்பாலும் குடும்ப வழி. பி12 சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும்கூடக் காரணமாகும், அந்த இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

எள் சாப்பிடத் தடை இல்லை. சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் உள்ளது, அதுவும் நம் மகுவேப் பக்கம் விளைகிற நல்ல எள். கன்டோனியச் சீனர் செய்கிற எள்ளுக் கூழ் சொல்கிறேன். ஆறு டிக்கல் கறுப்பு எள், அதாவது 100 கிராம் அளவு, கழுவி வடித்து இரும்புச் சட்டியில் சிறுதீயில் வறுங்கள். கறுப்பு எள் வறுபட்டதா, கருகியதா என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தார்: ஒரு சிட்டிகை வெள்ளை எள்ளைக் கூடவே போடுவார். வெள்ளை பொன்னிறமானதும் சட்டியை இறக்க வேண்டும், ஒரு நிமிஷம் தாண்டினாலும் கசப்பு. ஊறவைத்த பச்சரிசி ஒரு கைப்பிடி சேர்த்து வழுவழுவென்று அரைத்து, தண்ணீர் விட்டுக் கரைத்து, கைவிடாமல் கிளறுங்கள். கொதித்துக் கெட்டியானதும் கற்கண்டு. கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம்.

கேள்வி: சிறுநீரகத்துக்கு என்று சீன உருண்டைகளும் பொடிகளும் விற்கிறார்களே, வாங்கலாமா?
— ஒரு வாசகர், மோல்மேன்

பதில்: உருண்டைகளில் புகழ்பெற்றது லியூ வெய் தி ஹுவாங். ஆறு சரக்கு சேர்ந்தது. சுங் வம்சக் காலத்தில் சியான் யீ என்ற குழந்தை வைத்தியர், பழைய எட்டுச் சரக்கு மருந்திலிருந்து சூடான இரண்டை எடுத்துவிட்டுப் பிள்ளைகளுக்காகச் செய்தது. 1119-ல் தொகுத்த நூலில் இருக்கிறது. படித்த சீன வைத்தியர் நாடி பார்த்துக் கொடுத்தால், உங்கள் டாக்டருக்கும் தெரிந்தால், அது வேறு விஷயம்.

பெயர் எழுதாத பொடி மட்டும் வேண்டவே வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்கென்று கொடுத்த மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் தவறாக இன்னொன்று கலந்துவிட்டது. நூறு பெண்களுக்கு மேல் சிறுநீரகம் பழுதாயிற்று. பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டி வந்தது. அதில் இருந்த நஞ்சு அரிஸ்டோலோகிக் அமிலம், புற்றுநோயும் தரும். சீனச் சரக்கில் மட்டும்தான் அது இருக்கும் என்று எண்ணாதீர்கள். நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே செடிக் குடும்பம். ஆடுகூடத் தொடாது என்று பெயரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து யார் கொண்டுவந்து கொடுத்தாலும் கஷாயம் போட்டுக் குடிக்காதீர்கள்.

கேள்வி: ஆட்டுக் குண்டிக்காய், அதாவது சிறுநீரகம், தின்றால் நம் குண்டிக்காய்க்குப் பலம் என்பது உண்மையா?
— ஒரு வாசகி, சிரியம்

பதில்: எந்த உறுப்போ அந்த உறுப்புக்கு என்பது சீனரிடமும் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பன்றிக் குண்டிக்காயை நல்லெண்ணெயும் இஞ்சியும் போட்டு வதக்கித் தருவார்கள். ஆட்டினதும் ஆகும். இரண்டாகப் பிளந்து நடுவிலுள்ள வெள்ளை நரம்பைச் சுத்தமாக வெட்டி எறிந்து, தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தால் வாடை போகும். ருசிக்காக மாதம் ஒருமுறை சாப்பிடுங்கள். பெருவிரல் மூட்டு வீங்கி யூரிக் அமிலம் ஏறியவருக்கு மட்டும் அந்தத் தட்டை நீட்டாதீர்கள்.