மொட்டைமாடித் தொட்டியில் மீனையும் செடியையும் சேர்த்து வளர்ப்பது நியாயமா? நடைமுறைக்கு ஒத்துவருமா?

கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, மேலே புதினா, கீழே கோல்டு ஃபிஷ் என்று ஏதோ வீடியோ பார்த்திருக்கிறீர்கள். டப்பா வாங்குவதற்கு முன் கேட்டீர்களே, அதுவரை நல்லது.

நான் தேவனாம்பட்டினத்துக்காரன். மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. "மீனைத் தின்கிறவன் மீனுக்குப் பரிந்து பேசுகிறானா?" என்று கேட்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பிடித்துக் குழம்பு வைப்பது வேறு, செடிக்கு உரம் கிடைக்கும் என்று ஓர் உயிரைச் சூடேறும் தண்ணீரில் நாள்கணக்கில் மூச்சுமுட்ட விடுவது வேறு. இரண்டும் ஒன்றுதான் என்பவரோடு எனக்கு வாதம் இல்லை.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் என் மச்சான், பம்பு, குழாய், கூழாங்கல் எல்லாம் சேர்ந்த செட் ஒன்றை வாங்கி மாடியில் வைத்தான். வைத்த அன்றே ஜிலேபி (திலாப்பியா என்ற வெளிநாட்டு மீன்) குஞ்சுகளை விட்டான். நிழலுக்கு மாற்றச் சொன்னேன். "மாமா, ஜிலேபி சாக்கடையிலயே வாழும்" என்றான். வாழும்தான். ஆனால் சாக்கடையில்கூட ஒதுங்க ஓர் ஆழம் இருக்கும், முழங்கால் உயர டப்பாவில் எங்கே ஒதுங்கும்? கத்திரி வெயிலில் மதியம் கரண்ட் போனது, பம்பு நின்றது. நான் போனபோது பாதி மிதந்தது, மீதி மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பிழைத்ததைக் குடத்தில் அள்ளிக் கடலூருக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

காரணம் எளிது. 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடிக்கும், சூடு ஏற ஏற இன்னும் குறையும். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு செடி எடுத்துக்கொள்ளும் நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா புதுத் தொட்டியில் நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் தன் கழிவிலேயே வேகும். தண்ணீரின் பி.ஹெச். (அமில-காரத் தன்மையின் அளவு) 7-லிருந்து 8-க்கு ஏறினால் நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். உங்கள் வீட்டு போர் தண்ணீர் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்த மீன்கள் இப்போது எங்கள் வேப்பமர நிழலில் 500 லிட்டர் சிமெண்ட் தொட்டியில் இருக்கின்றன. பம்பு கிடையாது, மீனும் கொஞ்சம்தான். மேலே வள்ளைக்கீரை மிதக்கிறது. அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரை மொண்டு பைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, ஒரு நாள் திறந்து வைத்த குழாய்த் தண்ணீரை நிரப்புகிறேன். குளோரின் போக வேண்டும் அல்லவா. கீரைக்கு இது போதும். தக்காளி, கத்தரிக்கு மீன் தண்ணீரில் பொட்டாசியமும் இரும்பும் போதாது, மண்புழு உரம் தனியாகப் போடுகிறேன். பக்கத்துச் செடிக்கு வேப்பெண்ணெய் அடித்தால் தொட்டியை மூடிவிட வேண்டும், அது மீனுக்கு ஆகாது.

உரம்தான் நோக்கம் என்றால் உயிர் மீனே வேண்டாம். மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர்களிடம் குடல், தலை வாங்கி, சம எடை வெல்லம் போட்டு மூடி வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் மீன் அமிலம். லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி கலந்து செடிக்குக் கொடுத்தால் போதும். மீன் கழுவின தண்ணியை முருங்கைக்கு ஊற்றிய நம் அம்மாக்கள் யாரும் செட் வாங்கவில்லை.

இன்னொரு கடுப்பு. மச்சான் வீட்டுச் சங்கத்தில், மீன் தொட்டியால்தான் கொசு என்று எழுதியே கொடுத்தார்கள். மீன் இருக்கும் தண்ணீரில் கொசுப்புழு தங்குமா? மாடியில் அவர்களுடைய சிண்டெக்ஸ் மூடி உடைந்து கிடக்கிறது, அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நோய் பரப்பும் கொசுக்களை ஆராய 1975-லிருந்து மத்திய அரசு மையமே இயங்கும் ஊர் புதுச்சேரி! பராமரிப்புக் கட்டணம் மட்டும் மாதம் தவறாது.

ஜிலேபி அலுத்துப்போனால் தென்பெண்ணையிலோ ஊசுட்டேரியிலோ விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே நாட்டு மீனுக்கு இடமில்லை. சாப்பிட்டுவிடலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கோல்டு ஃபிஷ் வாங்கியாகிவிட்டது என்றால் வீட்டுக்குள் பெரிய தொட்டியில் வைத்து, மாற்றும் தண்ணீரைப் புதினாவுக்கு ஊற்றுங்கள். கடைக்காரர் தரும் உப்போ நீல மருந்தோ போட்ட வாரத்தில் மட்டும் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுங்கள்.