ரத்தம் உறைவது எப்படி? வெட்டுக்காயம் முதல் விரியன் கடி வரை: கேள்வி பதில்

கேள்வி: விரல் வெட்டுப்பட்டால் ரத்தம் எப்படித் தானாக நிற்கிறது?

பதில்: முதலில் அறுபட்ட குழாய் சுருங்கும். குழாய்ச் சுவருக்குள் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளிப்பட்டதும், ரத்தத்தில் மிதக்கும் மிகச் சிறிய அணுக்களான தட்டணுக்கள் அதில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து ஓட்டையை அடைக்கும். இது தற்காலிக அடைப்பு. ரத்தத்திலுள்ள உறைதல் காரணிகள் என்ற புரதங்கள் வரிசையாகத் தூண்டப்பட்டுத் திராம்பின் என்ற நொதி உருவாகி, பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜெனை ஃபைப்ரின் இழைகளாக்கும். அந்த வலை பிடித்தால்தான் அடைப்பு நிலைக்கும். சுத்தமான துணி வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்த்தால் பிய்ந்துவிடும்.

கேள்வி: காய்ச்சலோ ரத்தப்போக்கோ இல்லை. பரிசோதனையில் தட்டணு 38,000 என்று வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது சார்.

பதில்: இயல்பு 1.5 முதல் 4.5 லட்சம். ஆனால் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈடிடிஏ என்ற உறைதடுப்பு வேதிப்பொருள், சிலருடைய தட்டணுக்களைக் கொத்தாக ஒட்டவைக்கும். கொத்தை இயந்திரம் சரியாக எண்ணாது. ஸ்மியர் போட்டு (ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து) நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். கொத்து தெரிந்தால், சிட்ரேட் என்ற வேறு உறைதடுப்பான் உள்ள நீல மூடிக் குழாயில் எடுத்து உடனே எண்ண வேண்டும். சிட்ரேட் திரவம் ரத்தத்தைச் சற்று நீர்க்கச் செய்வதால் வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு டெங்கு, தட்டணு 40,000. தட்டணு ஏற்றச் சொல்லலாமா?

பதில்: ரத்தப்போக்கு இல்லையென்றால் எண்ணிக்கைக்காக மட்டும் ஏற்றத் தேவையில்லை. ஹெமடோகிரிட்டைக் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் பங்கு) கவனியுங்கள். அது 20 சதவீதம் உயர்ந்தால் பிளாஸ்மா கசிகிறது என்று பொருள். பெரிய ஆபத்து அதுதான். காய்ச்சல் விடும் நாட்களில்தான் இது நடக்கும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். அது பட்ட தட்டணு, தன் 7 முதல் 10 நாள் ஆயுள் முழுக்கச் சரியாக வேலை செய்யாது.

கேள்வி: ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன். கீரையை நிறுத்தவா?

பதில்: வேண்டாம். எப்போதும் சாப்பிடும் அளவிலேயே சாப்பிடுங்கள். கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். அதனால் திடீரென்று கூட்டினால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) இறங்கும், நிறுத்தினால் ஏறும்.

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் நான். பாம்புக்கடிக்கு ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை ஏன் சிலசமயம் தவறாக வருகிறது?

பதில்: பெரும்பாலும் குழாய்தான் காரணம். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாய் வேண்டும். கண்ணாடிப் பரப்புதான் உறைதல் காரணி 12-ஐத் தூண்டுகிறது. பிளாஸ்டிக்கிலோ சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தம்கூட உறையாமல் போகலாம். சிரையிலிருந்து 2 மி.லி. எடுத்து, அறை வெப்பத்தில் அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரே முறை சாய்த்துப் பாருங்கள். நீராக ஓடினால், விரியன் விஷம் உறைதல் காரணிகளை (கண்ணாடி விரியன் என்றால் 5, 10 இரண்டையும்) ஓயாமல் தூண்டி ஃபைப்ரினோஜெனைத் தீர்த்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சந்தேகமிருந்தால், பாம்பு கடிக்காத ஒருவரின் ரத்தத்தை அதே வகைக் குழாயில் பக்கத்தில் வையுங்கள். விஷமுறிவு மருந்து ஏற்றிய பிறகு, மறுசோதனையை 6 மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். கல்லீரல் புதுக் காரணிகளை உண்டாக்க அவ்வளவு நேரம் பிடிக்கும்.